முப்பத்தோராவது கட்டம்

கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கியர் பிடிக்கிற கையை முகத்துக்கு நேரே தூக்கி, யாரோ இரவல் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள் தராசுக்காரரின் மனைவி.

“என் கை போச்சுங்க. இன்னிக்கும் மேட்டுத் தெரு ஏத்தத்துல ரெண்டாவது கியர் துள்ளி வெளிய வந்துருச்சு. வண்டி பின்னால உருளுது. பின்னாடி ஒரு தண்ணி லாரி. அவன் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல நிக்குது.”

“அடி ஒண்ணும் படலையே?”

“படல. மானம்தான் போச்சு. லாரிக்காரன் இறங்கி வந்து, ‘அம்மா, உங்களுக்கு லைசென்ஸ் குடுத்த மகராசன் யாரு’ன்னு கேக்கறான். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி வேன் ஓட்டினவ நான். ஒரு கீறல் விழுந்ததில்ல.”

மேஜையில் அலுவலகக் காகிதங்களைப் பரப்பியிருந்த தராசுக்காரர் தலையைத் தூக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை மென்று விழுங்கிவிட்டு, “கொஞ்சம் ஓய்வெடு, சரியாயிடும்” என்றார்.

“ஓய்வெடுத்தா கை திரும்பி வருமா? நீங்க ஒண்ணு விடாம பாத்து வாங்கின வண்டி. கோளாறு வண்டில இருந்தா உங்க கண்ணுக்குத் தப்பியிருக்குமா? என்கிட்டதான் ஏதோ ஆயிடுச்சு.”

இதைச் சொன்னபோது அவள் குரலில் குத்தல் ஏதும் இல்லை. குத்திச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

தராசுக்காரர் என்பது தெருவும் அலுவலகமும் சேர்ந்து வைத்த பெயர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அரசு வேலை அவருக்கு. தோல் பெட்டிக்குள் பித்தளை எடைக்கற்கள், விரல் ஈரம் படாமல் அவற்றைத் தூக்க ஒரு மெல்லிய துணி, முள்ளின் நடுக்கத்தைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி. ஒவ்வொரு கல்லையும் மூன்று முறை வைத்து மூன்று முறை எடுப்பார். கடைக்காரர் தேநீர் நீட்டினால் “வேலை முடியட்டும்” என்பார். முடிந்த பிறகு நீட்டினால் “வேலைதான் முடிஞ்சுதே” என்று கிளம்பிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பார்க்காமல் போட்ட டிக் ஒன்றுகூடக் கிடையாது. ஊரே சொல்லும், அவரும் சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சுத்தமாகத் தெரியாத இயந்திரம் ஒன்று உண்டென்றால் அது கார். ஓட்டக் கற்றதில்லை. கிளட்ச் என்றால் காலால் அமுக்குவது என்பது கேள்வி ஞானம். ஆனால் ஒரு வீட்டில் ஆண்பிள்ளை, அதுவும் பரிசோதகர், “எனக்குத் தெரியாது” என்று எப்படிச் சொல்வது? மனைவி வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். அவளே ஓட்டிப்போன ஆஸ்பத்திரி வேனை நிறுத்திவிட்டு, “இனி அவரவர் வண்டியில் போகலாம்” என்று சொல்லிவிட்டார்கள். பழைய கார் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

“ரெண்டு நாள் பொறுங்க, நானே வந்து ஓட்டிப் பாக்கறேன்” என்றாள்.

“நான் பாக்காத மிஷினா?” என்றார் தராசுக்காரர்.

மைத்துனனைக் கூட்டிக்கொண்டு பழைய கார் ஷோரூமுக்குப் போனார். விற்பனையாளன் வருவதற்கு முன்னால் அவன் பூசியிருந்த அத்தர் வந்து சேர்ந்தது. தராசுக்காரரைப் பார்த்ததும் அவன் கை குவித்தான்.

“சார், நீங்க தராசு சார் இல்ல? எங்க சித்தப்பா கடைக்கு வருவீங்க. உங்க பேரச் சொன்னாலே அவருக்குக் கை உதறும். உங்களுக்குப் போய் நான் வண்டி காட்டறதா? நீங்க எனக்குக் காட்டணும் சார்.”

மைத்துனன், “அத்தான், ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடலாமா?” என்று கேட்டான்.

“எதுக்கு? சத்தத்துலயே தெரியுது” என்றார் தராசுக்காரர். என்ன தெரிந்தது என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

பிறகு அந்தப் படிவம் வந்தது. நாற்பது வரிகள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். கீழே இரண்டு கையெழுத்துக்கான இடம். ஒன்றில் ‘நானே சோதித்துப் பார்த்தேன்’ என்று வாங்குபவர் போட வேண்டும்; மற்றதில் ‘என் முன்னிலையில் சோதிக்கப்பட்டது’ என்று விற்பவர். முதல் வரியே ‘கிளட்ச் பிடிமானம் சரியாக உள்ளது’ என்றிருந்தது. சரியில்லாத பிடிமானம் எப்படி இருக்கும் என்று கேட்க வாயெடுத்தார். மைத்துனன் ஒரு பக்கம், அத்தர்காரன் மறுபக்கம். டிக் போட்டார். முதல் பொய்க்குத்தான் கை கனத்தது. அதற்குப் பிறகு பேனா தானாக இறங்கிற்று. ஒரு கையில் தேநீர்க் குவளை, மறு கையில் பேனா. வேலை முடியும் முன் யாரிடமும் தேநீர் வாங்காத மனிதர் அன்றைக்குக் குவளை காலியாகும் முன் நாற்பது கட்டத்தையும் முடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, “ஒண்ணு விடாம பாத்துட்டேன்” என்றார்.

மூன்று வாரம் வண்டி பஞ்சாகப் போயிற்று. நான்காவது வாரம் ஏற்றங்களில் இரண்டாவது கியர் நழுவ ஆரம்பித்தது. “வேன் ஓட்டின கை அக்கா, காருக்குப் பழகணும்ல” என்று தம்பி கேலி செய்தான். அவள் சிரித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்துக்குப் போய், முதன்முதலாக ஸ்டியரிங் பிடிக்கும் பெண்ணைப்போலக் கியர் மாற்றிப் பழகினாள். எதிர்வீட்டுப் பையன்கள் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். தராசுக்காரரும் ஜன்னல் வழியே பார்த்தார்.

மறுநாள் அவள் வேலையில்லாத நேரம் பார்த்து, வண்டியில் கோளாறு என்று சொல்லாமல், “எண்ணெய் மாத்தணும்” என்று சொல்லி, தெரிந்த ஓட்டுநர் ஒருவரை வைத்துக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் வண்டியை மேலே தூக்கி, கீழே போய் நின்று, டார்ச் அடித்து, இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார்.

“கியர் பெட்டியப் பிரிச்சு மூடியிருக்காங்க சார். போல்ட்டுல பாதி புதுசு, பாதி பழசு. உள்ள பல்லு தேஞ்சுபோனத மாத்தாம, கெட்டியா எண்ணெய ஊத்தி சத்தத்த அமுக்கி வித்திருக்காங்க. அந்த ஷோரூம் பட்டறைல இறுக்கி முடிச்சா போல்ட்டு தலைல மஞ்சப் பொட்டு வைப்பாங்க. இங்க பாருங்க, பொட்டு வெச்சு வழியனுப்பியிருக்காங்க.”

“அப்ப ஓட்டறவங்க கை...”

“கையா? இந்தப் பெட்டிய வெச்சுக்கிட்டு அந்த ஏத்தத்துல ஒரு மாசம் ஓட்டியிருக்காங்கன்னா அவங்க கைக்குத் தங்க வளையல் போடணும் சார். ஆமா, வாங்கும்போது யாரும் பாக்கலையா?”

“ஒரு ஆள் பாத்தார்.”

“நல்ல ஆள். கண்ண வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்திருப்பான்.”

தராசுக்காரர் அவரோடு சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு காதுமடல் சுட்டது.

அங்கிருந்து நேரே ஷோரூமுக்கு நடந்தார். அத்தர்காரன் இந்தத் தடவை கை குவிக்கவில்லை. கோப்பிலிருந்து படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து, கீழே இருந்த கையெழுத்தில் விரலை ஊன்றினான்.

“இது யாரு கையெழுத்து சார்?”

“என்னோடதுதான். ஆனா கோளாறு உள்ள...”

“ஏழாவது வரி படிங்க. ‘எல்லாக் கியர்களும் தடையின்றி விழுகின்றன.’ டிக் போட்டது நீங்க. ஊருக்கே முத்திரை குத்தற அதிகாரி பாத்து, ஓகேன்னு எழுதிக் குடுத்திருக்கார். இதுல என் தப்பு எங்க இருக்கு? வேணும்னா மேல போங்க சார். உங்க ஆபீஸ் மாடியிலதான நுகர்வோர் பிரிவு? நானும் இத எடுத்துட்டு வரேன். எல்லாரும் பாக்கட்டும்.”

 தராசுக்காரர் படிவத்தின் நகல் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

நியாயம் தன் பக்கம் என்பது அவருக்குத் தெரியாததா? அவர் உட்காருகிற அறையின் சுவரிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது: குறையுள்ள பொருளைத் திருத்தித் தரக் கேட்பதும், திருப்பிக் கொடுப்பதும் வாங்கியவரின் உரிமை. தயங்கித் தயங்கி வருகிறவர்களிடம் அதைப் படித்துக் காட்டி, “இதுல வெக்கப்பட என்ன இருக்கு? எழுதிக் குடுங்க” என்று அதட்டியிருக்கிறார். இப்போது மாடிப்படி பன்னிரண்டும் பன்னிரண்டு மலையாகத் தெரிந்தது. மேலே போனால் படிவம் வெளியே வரும். படிவம் வந்தால் வீட்டுக்கும் வரும். பத்து நாள் அந்த நகலை எடைக்கற்கள் இருந்த தோல்பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தார். பத்து நாளும் அவள் அதே வண்டியை ஓட்டினாள். காலையில் அவள் புறப்படும்போது, “மேட்டுத் தெரு வேண்டாமே” என்பார். “பத்தொன்பது நோயாளி அங்க படுத்திருக்காங்க, அவங்களக் கீழ உருட்டி விடச் சொல்றீங்களா?” என்பாள்.

வண்டி வாங்கிய நாற்பத்திரண்டாம் நாள் மாலை, அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“உங்களுக்குத்தான் கடிதம் நல்லா எழுத வரும். இதுல பிழை இருந்தா திருத்திக் குடுங்க.”

ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதம். ‘சமீப காலமாக வாகனம் ஓட்டுவதில் எனக்குத் தடுமாற்றம் ஏற்பட்டுள்ளது. நோயாளிகளின் நலன் கருதி, மேட்டுத் தெருச் சுற்றிலிருந்து என்னை விடுவித்து, வார்டுப் பணிக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

அவர் பேனாவைத் திறந்தார். வேறு யாராவது எழுதியிருந்தால் ‘சமீப காலமாக’ என்பதை அடித்துத் தேதி போடச் சொல்லியிருப்பார். பேனா முனை ‘எனக்குத் தடுமாற்றம்’ என்ற இடத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றதில் தாளில் மைப்பொட்டு ஒன்று ஊறிப் பெருத்தது.

“என்னங்க, அவ்வளவு பிழையா?”

“இது உன் கடிதம் இல்ல,” என்றார். “நான் எழுத வேண்டியது.”

தோல்பெட்டியைத் திறந்து, கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, அடியிலிருந்த நகலை எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் சொன்னதைச் சொன்னார். ஷோரூமில் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் கற்களைப் பார்த்தார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தை விரித்து வைத்துக்கொண்டாள்.

“கிளட்ச் பிடிமானம் சரியாக உள்ளது. பாத்தீங்களா?”

“இல்ல.”

“பிரேக்?”

“இல்ல.”

“முன்விளக்கு?”

“அது... எரிஞ்சுது. யாரோ போட்டாங்க.”

“நீங்க பாத்தீங்களான்னு கேட்டேன்.”

“இல்ல.”

நோயாளிக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிற அதே குரலில் ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “எல்லாத்துக்கும் சேத்து இல்லன்னு போட்டுக்கோயேன்” என்று ஒருமுறை கெஞ்சினார். “போட்டது தனித்தனியாத்தான போட்டீங்க?” என்றாள். ஏழாவதான கியர் வரியைக் கேட்டு முடித்ததும் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். குடித்துவிட்டு எட்டாவதைப் படித்தாள். முப்பத்தோராவது வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். எழுந்து போய் ஜன்னல் வழியே வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“சன்ரூஃப் தடையின்றித் திறந்து மூடுகிறது. டிக்.” தாளைக் கீழே வைத்தாள். “ஏங்க, நம்ம காருக்கு மேல திறக்கற கண்ணாடி எங்க இருக்கு?”

இல்லை. அவர்கள் காருக்கு மேலே தகரம்தான். எல்லா வண்டிக்கும் ஒரே படிவத்தை அச்சடித்து வைத்திருந்திருக்கிறார்கள். இல்லாத ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்ததாக அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தை அந்தக் கையாலேயே மூடிக்கொண்டாள். “நாப்பத்திரண்டு நாள்,” என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. “மைதானத்துல அந்தப் பசங்க முன்னாடி கியர் போட்டுப் பழகினேன். ஜன்னல்ல நின்னு பாத்தீங்க. போன பத்து நாளும் தெரிஞ்சே அனுப்பினீங்க.”

அவர் எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். 

“நாளைக்கு மாடிக்குப் போறீங்க,” என்றாள் எழுந்துகொண்டே. “நானும் வரேன். இதுல எதையும் மறைச்சு எழுதினீங்கன்னா நானே எழுதிக் குடுப்பேன். எனக்குப் பிழையோட எழுத வரும்.”

விசாரணைக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை கார் வாசலில் நின்றது. அவள் பஸ்ஸிலும் நடையுமாக மேட்டுத் தெருவுக்குப் போய்வந்தாள்.

நுகர்வோர் பிரிவின் அதிகாரியம்மாள் தராசுக்காரருக்குப் பதினைந்து வருடப் பழக்கம். மை தீர்ந்தால் ஸ்டாம்புப் பெட்டியைக் கடன் கேட்டு ஆள் அனுப்புகிறவர். பெஞ்சில் வேறு வழக்குக்காகக் காத்திருந்தவர்களில் ஒரு தானிய வியாபாரியும் இருந்தார். போன மாதம்தான் அவருடைய தராசு கொஞ்சம் சாய்ந்ததென்று தராசுக்காரர் அதற்கு முத்திரை குத்த மறுத்திருந்தார். வியாபாரி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அத்தர்காரன் படிவத்தை மேஜையில் வைத்தான்.

“மேடம், சாதாரண வாடிக்கையாளர்னா நான் பேசாம இருப்பேன். இவர் அரசாங்கப் பரிசோதகர். நாப்பது விஷயத்தையும் தானே சோதிச்சதா கையெழுத்துப் போட்டிருக்கார். இவர் கண்ணுக்கே தெரியாத கோளாறுன்னா, அது வித்தப்புறம் அவங்க ஓட்டி வந்ததுதான்.”

அதிகாரியம்மாள் படிவத்தைப் பார்த்தார். பிறகு சங்கடத்தோடு தராசுக்காரரைப் பார்த்தார். “நீங்க பாத்துத்தான் போட்டிருப்பீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அந்த நல்ல வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் போலிருந்தது. ‘பாத்தேன், அப்ப நல்லா இருந்துது’ என்று ஒரு வார்த்தை. பெயர் மிஞ்சும், வண்டி போகும். பக்கத்து நாற்காலியில் மனைவி மடியில் இரண்டு கைகளையும் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் பிடிக்கிற கையின் உள்ளங்கையில், வாரக்கணக்கில் கியர் குமிழை அழுத்திப் பிடித்துப் பிடித்து, காசு அளவுக்குத் தோல் தடித்திருந்தது. அவர் எழுந்து நின்றார்.

“முப்பத்தோராவது வரியப் படிங்கம்மா.”

“சன்ரூஃப்... தடையின்றித் திறந்து மூடுகிறது.”

“எங்க காருக்கு சன்ரூஃப் கிடையாது. கீழ நிக்குது, எட்டிப் பாருங்க. நான் ஒண்ணையும் பாக்கல. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளட்ச்சுன்னா என்னன்னு கேக்க வெக்கமா இருந்துது. தேத்தண்ணி குடிச்சுட்டே நாப்பது டிக்கும் போட்டேன். வீட்டுல பாத்தேன்னு பொய் சொன்னேன்.”

 தானிய வியாபாரிதான் முதலில் கனைத்தார். அது கனைப்பாகத் தொடங்கிச் சிரிப்பாக முடிந்தது. பின்வரிசைக்கும் தொற்றிக்கொண்டது. அதிகாரியம்மாள் சிரிக்கவில்லை; ஆனால் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். அதுதான் தராசுக்காரருக்கு அதிகமாக வலித்தது.

“கீழ இன்னொரு கையெழுத்து இருக்கும்மா,” என்றார் தராசுக்காரர், நின்றபடியே. “என் முன்னிலையில் சோதிக்கப்பட்டதுன்னு.”

அதிகாரியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அத்தர்காரனை நிமிர்ந்து பார்த்தார். “இவர் சன்ரூஃப்ப திறந்து மூடினப்ப நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களா தம்பி?”

அத்தர்காரன் வாயைத் திறந்தான், மூடினான். தடையின்றித்தான் இருந்தது.

மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கையும், மஞ்சள் பொட்டு வைத்த போல்ட்டுகளின் படமும் அதற்குப் பிறகு மேஜைக்கு வந்தன. அதிகாரியம்மாள் சுருக்கமாகச் சொன்னார்: பார்க்காமல் வாங்கிய கையெழுத்து விற்றவரின் பொறுப்பைத் தீர்த்துவிடாது. பிரித்து மூடிய பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் விற்றது அவர்கள் குற்றம். பதினைந்து நாளில் தேய்ந்த கியர்களை மாற்றி, ஓட்டுபவரே ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ஒப்படைக்க வேண்டும். முடியாதென்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வரும்போது தானிய வியாபாரி எழுந்து வழிவிட்டார். “ஐயா, என் தராச எப்ப வந்து பாக்கறீங்க? மேல மூடி கீடி ஒண்ணும் இல்ல, திறந்தாப்லதான் இருக்கு” என்றார்.

“நாளைக்கு வரேன்,” என்றார் தராசுக்காரர்.

மறுநாள் போனார். அதற்கடுத்த கடைக்கும் போனார். இரண்டு வாரத்துக்குள் கடைத்தெரு முழுக்க அவருக்குப் புதுப் பெயர் பரவியிருந்தது. அவர் கல்லை மூன்றாம் முறை வைக்கும்போது சன்ரூஃப் என்று யாரோ மெல்லச் சொல்வது காதில் விழும். திரும்பிப் பார்க்க மாட்டார். மூன்றாம் முறை வைத்து எடுப்பார்.

பதினான்காம் நாள் வண்டி தயாராகிவிட்டதென்று ஷோரூமிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவள்தான் ஓட்டிப் பார்த்தாள். அத்தர்காரன் இந்தத் தடவை ஒரே ஒரு வரி எழுதிய தாளை நீட்டினான். அவள் அதை அவரிடம் காட்டாமலே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “ஏத்தத்துல பாத்துட்டுத்தான் கையெழுத்து” என்றாள். அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மேட்டுத் தெருவின் அடிவாரத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றினாள். வண்டி முனகாமல் ஏறியது. சுமைதாங்கிக் கல் நிற்கும் வளைவு வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது, லாரிக்காரன் இறங்கி வந்த இடம் வந்தது. கியர் அசையவில்லை. ஆனால் அவள் கை குமிழின் மேலேயே இருந்தது. விரல் கணுக்கள் வெளுக்குமளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கியர் பல்லை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இதை மாற்றித் தரச் சொல்லி எந்த மாடிக்குப் போய் எழுதிக் கொடுப்பது?

“விட்டுடேன்,” என்றார் மெல்ல. “இனிமே வராது.”

“நீங்க பாத்தீங்களா?” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இல்ல.”

“அப்ப பேசாம வாங்க. நான் பாத்துட்டு விடறேன்.”

தெருவின் உச்சியில் முதல் நோயாளியின் வீடு இருந்தது. அதைத் தாண்டி, வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கி, மறுபடியும் அடிவாரத்திலிருந்து ஏற்றினாள். பிறகு மூன்றாம் முறை. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கை எப்போது எழும் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.